உயிருக்குப் போராடும் வார்டில் லாபத்துக்கு என்ன வேலை?

2021ஆம் வருஷம் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ஜனங்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். கொரோனாவில் மூச்சுத் திணறிக் கிடந்த தாய்க்கும் தகப்பனுக்கும் கணவனுக்கும் ரெம்டெசிவிர் என்ற ஊசி மருந்து வாங்கத்தான் அந்த வரிசை. சீட்டெழுதிக் கையில் கொடுத்து, "எங்கேயாவது வாங்கி வாருங்கள்" என்று அனுப்பிய ஆஸ்பத்திரிகள் பல. நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் உண்டு. கள்ள மார்க்கெட்டில் பல மடங்கு விலைக்கு விற்றுப் பிடிபட்டவர்களும் உண்டு.

அந்த வரிசையில் நின்ற பலருக்கு எட்டாத செய்தி ஒன்று இருந்தது. அதற்கு ஐந்தாறு மாதம் முன்பே, 2020 நவம்பரில், ஆஸ்பத்திரியில் கிடக்கும் கொரோனா நோயாளிகளுக்கு ரெம்டெசிவிர் வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் யோசனை சொல்லிவிட்டது. சாவைக் குறைப்பதற்கு அத்தாட்சி இல்லை என்பது அது சொன்ன காரணம்.

இன்னொரு செய்தியும் உண்டு. மூச்சுத் திணறும் கொரோனா நோயாளியின் உயிரைக் காக்கும் மருந்து ஒன்று 2020 ஜூன் மாதமே நிரூபணமாகியிருந்தது. அதன் பெயர் டெக்ஸாமெத்தசோன். 1957லேயே கண்டுபிடித்த பழைய மருந்து. காப்புரிமை கிடையாது, எந்தக் கம்பெனியும் தயாரிக்கலாம், சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதற்கு வரிசை இல்லை. கள்ள மார்க்கெட் இல்லை. நகை அடகு இல்லை.

உயிர் காத்தது மலிவு மருந்து. ஊரை அலைய வைத்தது விலையுயர்ந்த மருந்து. இது தற்செயலா? இல்லை என்கிறோம் நாம். சாவின் வாசலில் கிடக்கும் மனிதனுக்கு எது உதவும், எது உதவாது என்று கண்டறியும் ஆராய்ச்சி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியோடு பிணைந்த விஷயம் இது. டாக்டர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் விஷயமல்ல. மில்லில் கை சிக்கியவனும், வயலில் பாம்பு கடித்தவளும் அந்த வார்டில்தான் கிடக்கிறார்கள். ஆகவே நாம் பேசித்தான் ஆக வேண்டும்.

சோதனை என்றால் என்ன?

"பத்துப் பேருக்கு இந்த ஊசியைப் போட்டேன், ஏழு பேர் பிழைத்தார்கள்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அது நிரூபணம் ஆகாது. ஊசி இல்லாமலும் அந்த ஏழு பேர் பிழைத்திருக்கலாம். ஒருவேளை எட்டுப் பேர்கூடப் பிழைத்திருக்கலாம்.

புது விதையை ஆற்றோரத்து வண்டல் நிலத்திலும், பழைய விதையை மேட்டுக் காட்டிலும் போட்டுவிட்டு, "புது விதைதான் அதிகம் விளைந்தது" என்று பண்ணையார் சொன்னால் எந்த விவசாயத் தொழிலாளி நம்புவார்? ஒரே வயலை இரண்டாகப் பிரித்து, ஒரே தண்ணீர், ஒரே உரம் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மருந்துச் சோதனையும் அப்படித்தான். ஒரே மாதிரி நோயாளிகளைத் திருவுளச் சீட்டுப் போடுவதுபோல் இரு பங்காகப் பிரிக்கிறார்கள். ஒரு பங்குக்குப் புது மருந்து. மறு பங்குக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், அல்லது பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் ஊசி. முடிவில் இரு பக்கமும் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணுகிறார்கள். சீட்டில் சிபாரிசு இல்லை. பணக்காரன் ஏழை இல்லை. அதனால்தான் அந்த எண்ணிக்கையை நம்பலாம்.

ஆனால் தீவிர சிகிச்சை வார்டில் இந்தச் சோதனை லேசானதல்ல. நோயாளிக்கு நினைவில்லை. முடிவெடுக்க மணிக் கணக்கில்கூட நேரமில்லை. எந்த மருந்து கொடுத்தாலும் பலர் இறப்பார்கள். எதுவும் கொடுக்காவிட்டாலும் பலர் பிழைப்பார்கள். நூற்றுக்கு இரண்டு உயிர் கூடுதலாகப் பிழைக்கிறதா என்று நிச்சயமாகத் தெரிய ஆயிரக்கணக்கான நோயாளிகள் வேண்டும். நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் வேண்டும். கோடிக்கணக்கில் பணம் வேண்டும்.

அந்தப் பணத்தை யார் போடுவது? இந்த இடத்தில்தான் லாபம் உள்ளே நுழைகிறது.

பத்து வருஷம் விற்ற மருந்து

சைக்ரிஸ் என்ற மருந்தின் கதையைப் பாருங்கள்.

புண்ணிலோ நுரையீரலிலோ குடலிலோ கிருமி புகுந்து, அதை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பே தாறுமாறாகி, சிறுநீரகம், நுரையீரல், இருதயம் என்று உறுப்புகள் வரிசையாய்ச் செயலிழப்பதைச் செப்சிஸ் என்கிறார்கள். தீவிர சிகிச்சை வார்டில் ஆட்களைக் கொண்டுபோகும் பெரிய எமன் அது. அதற்கு மருந்து கண்டுவிட்டதாக அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனி அறிவித்தது. 1,690 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2001இல் வெளியாயிற்று. வெறும் ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 30.8 பேர் 28 நாளில் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 24.7 பேர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதனையின் விதிகள் நடுவழியில் மாற்றப்பட்டிருந்தன. மருந்து முந்தி நிற்கிறது என்று இடைக் கணக்கில் தெரிந்ததும் சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டிருந்தது. அமெரிக்க சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா கூட்டிய நிபுணர் குழுவில் பத்துப் பேர் ஆதரவு, பத்துப் பேர் எதிர்ப்பு! இருந்தும் 2001 நவம்பரில் அனுமதி கிடைத்தது. ஒரு நோயாளிக்கு ஆகும் மருந்துச் செலவு ஏறக்குறைய 7,000 டாலர்.

எதிர்பார்த்தபடி மருந்து விற்கவில்லை. கம்பெனி என்ன செய்தது? பாதிப் பேர் எழுப்பிய சந்தேகத்தைத் தீர்க்க உடனே பெரிய சோதனையில் இறங்கியதா? விளம்பரத்தில் இறங்கியது. பிரச்சாரத் தொழில் நடத்தும் ஒரு ஸ்தாபனத்தை அமர்த்தியது. விலையைப் பார்த்து மருந்தை மறுப்பதால், யார் வாழ்வது, யார் சாவது என்று தீர்மானிக்க டாக்டர்கள் நிர்ப்பந்திக்கப்படுகிறார்கள் என்று கூப்பாடு கிளம்பியது. அதை ஆராய ஒரு குழு; அந்தக் குழுவுக்குக் கம்பெனி கொடுத்தது 18 லட்சம் டாலர். செப்சிஸுக்கு எப்படிச் சிகிச்சை செய்வது என்று உலக டாக்டர்களுக்கு வழிகாட்டும் இயக்கம் ஒன்றும் கிளம்பியது. அதன் ஆரம்பக் கட்டங்களுக்கு வந்த பணத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் இதே கம்பெனியின் பணம். அந்த வழிகாட்டியில் சைக்ரிஸுக்கும் இடம் கிடைத்தது.

இதை நாம் கட்டிச் சொல்லவில்லை. அமெரிக்க சர்க்காரின் தேசிய சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த மூன்று டாக்டர்கள் 2006இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் பகிரங்கமாக எழுதிய விவரம் இது.

கடைசியில் ஐரோப்பியக் கட்டுப்பாட்டு இலாகா மறுபடி சோதித்துக் காட்டு என்று நெருக்கியது. 1,697 நோயாளிகளைக் கொண்டு மறு சோதனை நடந்தது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 26.4 பேர் இறந்தார்கள். வெறும் ஊசி பெற்றவர்களில் 24.2 பேர். மருந்தால் ஒரு பயனும் இல்லை! 2011 அக்டோபர் 25ஆம் தேதி உலகம் முழுவதும் மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது கம்பெனி.

பத்து வருஷம்! ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடிய ஒரு மருந்தைச் சாகக் கிடந்த மனிதர்களின் நரம்பில் ஏற்றிப் பத்து வருஷம் பணம் பார்த்தார்கள். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா? போன உயிருக்குப் பதில் சொன்னார்களா?

ரெம்டெசிவிர் விஷயத்திலும் பாட்டு வேறு, மெட்டு அதே. கிலியட் கம்பெனி 2020 ஜூனில் அமெரிக்காவில் வைத்த விலை, ஐந்து நாள் சிகிச்சைக்கு 2,340 டாலர். தனியார் இன்சூரன்ஸ்காரர்களுக்கு 3,120 டாலர். அமெரிக்க சர்க்கார் நடத்திய சோதனையில் நோயாளி தேறும் நாட்கள் 15லிருந்து 10 ஆகக் குறைந்தன. உயிர் காப்பது உறுதிப்படவில்லை. பிறகு உலக சுகாதார ஸ்தாபனம் 30 நாடுகளில் சாலிடாரிட்டி என்ற பெரிய சோதனையை நடத்தியது. நமது நாடும் அதில் பங்கு கொண்டது. ரெம்டெசிவிர் பெற்ற 2,743 பேரில் 301 பேர் இறந்தார்கள். பெறாத 2,708 பேரில் 303 பேர். வித்தியாசம் எங்கே?

இந்த முடிவு வெளியானது 2020 அக்டோபர் 15. அதற்கு ஒரே வாரம் முன்பு, அக்டோபர் 8ஆம் தேதி, ஐந்து லட்சம் பேருக்கான மருந்தை விற்க ஐரோப்பிய நாடுகளுடன் கம்பெனி ஒப்பந்தம் போட்டுவிட்டது. சோதனை முடிவின் நகல் செப்டம்பர் கடைசியிலேயே கம்பெனிக்குப் போயிருந்தது. அதில் சில பகுதிகள் மறைக்கப்பட்டிருந்தன என்று கம்பெனி சமாதானம் சொல்லிற்று. வாங்கியவர்களுக்கோ அந்த முடிவு தெரியவே தெரியாது. மாட்டுச் சந்தையில்கூட பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் மாடு வாங்குகிறோம்!

2022இல் வந்த முழுக் கணக்கில், வெண்டிலேட்டரில் இல்லாத நோயாளிகளுக்கு இந்த மருந்தால் சிறு பயன் உண்டு என்று தெரிந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். உண்மைக் கணக்கு நம் பக்கம் சாய்ந்தாலும், சாயாவிட்டாலும் உண்மைதான். ஆனால் வெண்டிலேட்டரில் கிடந்தவர்களுக்குப் பயனில்லை என்பது அப்போதும் மாறவில்லை. எத்தனையோ குடும்பங்கள் வீட்டை விற்று ஓடியது அவர்களுக்காகத்தானே?

அனாதை மருந்துகள்

இனி மறு பக்கத்தைப் பாருங்கள்.

2020 மார்ச்சில் பிரிட்டனில் ரிகவரி என்ற சோதனை தொடங்கிற்று. பொதுப் பணம், பொது ஆஸ்பத்திரிகள், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை டாக்டர்களின் தலைமை. மூன்றே மாதத்தில், ஜூன் 16ஆம் தேதி, முடிவைச் சொல்லிவிட்டார்கள். வெண்டிலேட்டரில் இருந்த நோயாளிகளில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் நூற்றுக்கு 41.4 பேர் இறந்தார்கள். டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்கள் 29.3 பேர். நூற்றுக்குப் பன்னிரண்டு உயிர்! சில ரூபாய் மருந்தில்!

அதே சோதனை இன்னொன்றும் சொன்னது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிக்கு இந்த மருந்தால் பயனில்லை, கெடுதல்கூட நேரலாம். விற்பவன் நடத்தும் ஆராய்ச்சி எல்லாருக்கும் விற்கவே வழி தேடும். யாருக்குக் கொடு, யாருக்குக் கொடுக்காதே என்று இரண்டையும் சொல்வதுதான் மக்களுக்கான ஆராய்ச்சி.

மில் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மருந்து இன்னொன்று உண்டு: டிரானெக்ஸாமிக் அமிலம். உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுத்து, ரத்தப் போக்கைக் குறைக்கும் மருந்து. ஜப்பானில் உதாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும் 1962இல் அதைக் கண்டார்கள். விபத்தில் அடிபட்டு ரத்தம் கொட்டும் மனிதனை அது காக்குமா என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்து முடிவு சொன்னது எப்போது தெரியுமா? 2010இல்! இடையில் 48 வருஷம். ஒரு தலைமுறையே வந்து போயிற்று. எத்தனை ரயில்வேத் தொழிலாளிகள், எத்தனை சுரங்கத் தொழிலாளிகள், எத்தனை லாரி டிரைவர்கள் ரத்தம் வடிந்து செத்திருப்பார்கள்?

அந்தச் சோதனையை நடத்தியது லண்டன் சுகாதார, வெப்ப மண்டல மருத்துவக் கல்லூரி. கிராஷ்-2 என்று பெயர். 40 நாடுகளில் 274 ஆஸ்பத்திரிகள், 20,211 நோயாளிகள், நமது நாட்டின் ஆஸ்பத்திரிகளும் அதில் இருந்தன. சோதனைக்கு முக்கியமான நிதி பிரிட்டிஷ் சர்க்காரின் ஆராய்ச்சிப் பணம். மருந்துக்கான செலவை ஒரு கம்பெனி ஏற்றுக்கொண்டது. வெறும் ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 14.5 பேர். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். அதற்குப் பின் கொடுத்தால் ரத்தப் போக்கால் வரும் சாவு கூடுகிறது என்றும் தெரிந்தது. 2011இல் உலக சுகாதார ஸ்தாபனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2017இல், பிரசவத்தில் ரத்தம் கொட்டிய 20,060 தாய்மார்களிடம் நடந்த சோதனையிலும், மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப் போக்குச் சாவு குறைகிறது என்று நிரூபணமாயிற்று.

ஏன் 48 வருஷம் பிடித்தது? விஞ்ஞானம் தூங்கிற்றா? இல்லை. காப்புரிமை தீர்ந்த மருந்துக்கு முதலாளி இல்லை. முதலாளி இல்லாத மருந்தைச் சோதிக்கக் கோடி போட ஆளில்லை. அனாதைப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது யார்? அந்தக் கதிதான்.

"லாபம் இல்லையேல் மருந்து இல்லை"யாம்!

"கம்பெனிக்கு லாபம் வராவிட்டால் புது மருந்தே வராது, ஆராய்ச்சியே நின்றுபோகும்" என்று மருந்து முதலாளிகளும் அவர்களுக்குத் தாளம் போடும் பொருளாதார நிபுணர்களும் சொல்கிறார்கள்.

மேலே சொன்ன கணக்கே அவர்களுக்குப் பதில். உயிர் காக்கிறது என்று உறுதிப்பட்ட இரண்டு மருந்துகளையும் மக்களுக்குக் கொண்டு வந்தது பொதுப் பணமும் பொது ஆஸ்பத்திரியும். கோடி கோடியாய் லாபக் கனவு கண்ட மருந்து பத்து வருஷம் கழித்துக் குப்பைக்குப் போயிற்று. எல்லாக் கம்பெனி மருந்தும் பொய் என்று நாம் சொல்லவில்லை. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் விஞ்ஞானியும் உழைப்பாளிதான். அவர் கண்ட நல்ல மருந்துகள் உண்டு. நாம் சொல்வது ஒன்றுதான்: விற்கிறவன் கையிலேயே தராசு இருக்கக் கூடாது. பருத்தி எடை போடும் இடத்தில் வியாபாரியின் விரல் தராசுத் தட்டில் பட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தீவிர சிகிச்சை வார்டின் தராசில் கிடப்பது பருத்தியல்ல, உயிர்.

"நாம் சோதனை எலிகளா?"

இன்னொரு பக்கம் நமது தோழர்களிலேயே சிலர் கோபத்தோடு கேட்கிறார்கள்: "சோதனை என்றாலே ஏழைகளை எலிகளாக்குவதுதானே? நம் ஆஸ்பத்திரியில் எந்தச் சோதனையும் வேண்டாம் என்று விரட்டியடித்தால் என்ன?"

இந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. 2005 முதல் 2012 நடுப்பகுதி வரை நமது நாட்டில் புது மருந்துச் சோதனைகளில் சேர்ந்தவர்களில் 2,644 பேர் இறந்ததாக மத்திய சர்க்காரே சுப்ரீம் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. நோய் முற்றியவர்கள் அவர்களில் பலர் என்பது உண்மை. ஆனால் 80 சாவுகள் சோதனையின் நேரடி விளைவு என்று சர்க்காரே சொல்லிற்று. இந்தூரைச் சேர்ந்த ஒரு சுகாதார உரிமை ஸ்தாபனம் 2012இல் வழக்குப் போட்ட பிறகே நஷ்டஈட்டு விதிகள் இறுகின. 2019இல் புது விதிகள் வந்தன. போராடாமல் கிடைத்ததல்ல அது.

ஆனாலும் சோதனையே வேண்டாம் என்பது தவறு. ஏன் என்று சொல்கிறோம்.

காய்ச்சல் முற்றி, ரத்த ஓட்டம் தளர்ந்து கிடக்கும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாக நிறையத் திரவம் ஏற்றுவது நல்லது என்று உலகெங்கும் டாக்டர்கள் நம்பினார்கள். பாடப் புத்தகமும் அப்படித்தான் சொல்லிற்று. கென்யா, உகாண்டா, டான்சானியா நாடுகளின் ஆறு ஆஸ்பத்திரிகளில் 3,141 குழந்தைகளிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது. வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் 48 மணி நேரத்தில் இறந்தார்கள். ஏற்றாத குழந்தைகளில் 7.3 பேர். நன்மை என்று நினைத்துச் செய்த காரியம் நூற்றுக்கு மூன்று குழந்தைகளைக் கூடுதலாகக் கொன்றது! அங்கே கம்பெனியின் பேராசை இல்லை. டாக்டர்கள் கெட்டவர்கள் இல்லை. சோதிக்காத வழக்கம்தான் கொன்றது. சோதித்திராவிட்டால் அந்தச் சாவுகள் யார் கண்ணிலும் பட்டிருக்காது; "நோய் முற்றிவிட்டது, விதி" என்று புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

சோதனை செய்யாத சிகிச்சையும் ஒரு சோதனைதான், தோழர்களே! கணக்கெழுதாத சோதனை. நாம் எலிகளாக இருப்பது சோதனை நடக்கும்போது மட்டுமல்ல, நடக்காதபோதும்தான். ஆகவே நாம் கேட்பது சோதனையை நிறுத்து என்றல்ல. யாருக்காக, யார் பணத்தில், யார் சம்மதத்தோடு நடத்துகிறாய், முடிவை யாருக்குச் சொல்வாய் என்பதுதான் நமது கேள்வி.

பாம்புக்கடிக்கு யார் ஆராய்ச்சி செய்வது?

விவசாயத் தொழிலாளியின் அவசர நோய் பாம்புக்கடி. 2000 முதல் 2019 வரை நமது நாட்டில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்துக்கு 58,000 பேர், என்று 2020இல் ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். நாற்று நடும்போதும், கதிர் அறுக்கும்போதும், இரவில் மடை திறக்கப் போகும்போதும் கடிபட்டவர்கள்.

இதற்கு நாம் நம்பியிருக்கும் மருந்து எது? குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் முறிவு மருந்து. 1890களில் பிரெஞ்சு விஞ்ஞானி கால்மெட் காட்டிய வழி. இன்றும் அடிப்படை அதுதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கு ஒரே மருந்து. அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் யார்? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த இருளர் மக்கள். உயிரைப் பணயம் வைத்துப் பாம்பு பிடிப்பவன் ஏழை; பாம்பு கடித்துச் சாகிறவனும் ஏழை. இதில் 7,000 டாலர் கிடைக்காது. ஆகவே பெரிய கம்பெனிகளுக்கு அக்கறையில்லை. ஆப்பிரிக்கப் பாம்புகள் பத்தின் விஷத்தை முறிக்கும் மருந்தைச் செய்துவந்த சனோபி கம்பெனி 2014இல் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது. லாபம் இல்லையாம்!

முறிவு மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டும். ரத்த அழுத்தம் சரியும். இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று இலங்கை ஆஸ்பத்திரிகளில், கடிபட்டு வந்த 1,007 பேரிடம் அந்நாட்டு டாக்டர்கள் சோதித்தார்கள். 2011இல் வந்த முடிவு இது: முறிவு மருந்துக்கு முன் மிகக் குறைந்த அளவு அட்ரினலின் ஊசி போட்டால் கடுமையான ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது. வழக்கமாகப் போட்டுவந்த மற்ற இரண்டு மருந்துகள் தடுக்கவில்லை. அட்ரினலின் ஒரு மலிவு மருந்து. கோடீஸ்வரக் கம்பெனி இல்லாமலேயே, ஏழை நாட்டு ஆஸ்பத்திரியில், ஏழை ஜனங்களின் நோய்க்கு முதல்தரமான ஆராய்ச்சி நடத்த முடியும் என்பதற்கு இது போதாதா?

நமது கோரிக்கைகள்

நாம் கேட்பது ஐந்து.

ஒன்று: அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை ஆராய்ச்சிக்கு மத்திய, மாநில சர்க்கார்கள் தனி நிதி ஒதுக்க வேண்டும். பாம்புக்கடி, பூச்சிமருந்து விஷம், இயந்திர விபத்து, பிரசவ ரத்தப் போக்கு ஆகியவை அதில் முதலிடம் பெற வேண்டும். காப்புரிமை தீர்ந்த மலிவு மருந்துகளைச் சோதிப்பது சர்க்காரின் கடமை. வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

இரண்டு: மருந்தை விற்கும் கம்பெனி அதன் சோதனைக்குப் பணம் கொடுக்கட்டும், ஆனால் சோதனையை நடத்துவதும், கணக்கைப் பார்ப்பதும், முடிவை வெளியிடுவதும் பொது ஸ்தாபனத்தின் கையில் இருக்க வேண்டும். தோற்ற சோதனையின் முடிவும் வெளிவர வேண்டும். சிகிச்சை வழிகாட்டி எழுதும் நிபுணர் கம்பெனிப் பணத்தைத் தொடக் கூடாது.

மூன்று: சம்மதப் பத்திரம் நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும், படித்துக் காட்டி, விளக்கிச் சொன்ன பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். நோயாளி நினைவிழந்து கிடந்தால் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். நினைவு திரும்பியதும் அவரிடமே கேட்க வேண்டும். "சேரமாட்டேன்" என்பவருக்கு வழக்கமான சிகிச்சையில் ஒரு குறையும் வரக் கூடாது.

நான்கு: ஆஸ்பத்திரிகளின் நெறிமுறைக் குழுக்களில் பொதுஜனப் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த நாற்காலியில் உழைப்பாளி மக்களின் பிரதிநிதி உட்கார வேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் நஷ்டஈடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

ஐந்து: நிரூபணமான மருந்து தாலுகா ஆஸ்பத்திரி வரை வந்து சேர வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி ஐம்பது மைல் தூரத்து மாவட்டத் தலைநகரில் மட்டும் இருந்தால் யாருக்கு லாபம்? முறிவு மருந்து இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம், நெல் இல்லாத களஞ்சியம்.

இவற்றைச் சட்டசபையில் யாராவது பேசட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆலைச் சங்கக் கூட்டத்திலும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்திலும் பேசுங்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு நாலு பேராகப் போய்க் கேளுங்கள்: ரத்தப் போக்கை நிறுத்தும் ஊசி இருக்கிறதா? பாம்புக்கடிக்கு மருந்து எத்தனை பேருக்குக் கையிருப்பு? ஒத்துக்கொள்ளாவிட்டால் போட அட்ரினலின் தயாராக இருக்கிறதா? பதிலை எழுதிச் சங்கத்தில் ஒட்டுங்கள். இல்லை என்ற பதில் வந்தால் மனு கொடுங்கள். மனு போதாவிட்டால் கூட்டமாகப் போங்கள்.

நாற்பது நாடுகளின் ஆஸ்பத்திரிகளில், அடிபட்டுக் கிடந்த இருபதாயிரம் பேரின் ரத்தத்தில் எழுதிய உண்மை அது. அதில் நம்மவர் ரத்தமும் உண்டு. அந்த உண்மை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமல்ல, நமக்குச் சொந்தம். கேட்டு வாங்குவோம்.